பதிவு எண் இல்லாத குரல் கணக்கில் ஏறாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இணையத்தில் கூடும் கூட்டத்தால் நாட்டு அரசியலில் ஏதாவது நடக்குமா என்று கேட்டால், ‘எல்லாம் லைக் போடுவதோடு சரி’ என்று ஒரு சாரார் கைவிரிக்கிறார்கள். ‘மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை மறந்துவிட்டீர்களா’ என்று மறுசாரார் மடக்குகிறார்கள். இரண்டுமே அவசரப் பதில்கள். மனுவையோ கருத்தையோ வாங்கிப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கும் அலுவலகங்கள் சில உண்டு. அங்கே, கெடு முடிவதற்குள், சரியான படிவத்தோடு தன் உறுப்பினர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இணையக் குழுவுக்குப் பலன் கிடைக்கிறது. அதைச் செய்யாத குழுவின் பதிவை லட்சம் பேர் பகிர்ந்தாலும் கோப்பில் ஒரு வரி ஏறுவதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 118 பக்கத்துக்கு ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் வேண்டுமா, சில தளங்களுக்கு மட்டும் கட்டணச் சலுகை தரத் தொலைபேசி நிறுவனங்களை விடலாமா என்பது பொருள். அறிக்கையின் முடிவில் 20 கேள்விகள். பதில் அனுப்ப ஏப்ரல் 24 வரை கெடு. சட்டமும் தொழில்நுட்பமும் கலந்த அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சாதாரண வாடிக்கையாளர் பதில் எழுதுவது நடக்காத காரியம். இணைய ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 20 கேள்விகளுக்கும் பதில் தயாரித்து ‘சேவ் தி இன்டர்நெட்’ என்ற தளத்தில் வைத்தார்கள். படிப்பவர் அதைத் தன் விருப்பப்படி திருத்தி, தன் மின்னஞ்சலிலிருந்தே டிராய்க்கு அனுப்பலாம். 10 லட்சத்துக்கும் அதிகமான மடல்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இத்தகைய கட்டணச் சலுகைத் திட்டத்தில் சேர இருந்த இணைய வணிக நிறுவனம் ஃபிளிப்கார்ட் ஏப்ரல் 14 அன்று விலகிக்கொண்டது.

இதன் மறுபக்கம் அதே ஆண்டு டிசம்பரில் தெரிந்தது. கட்டண வேறுபாடு, அதாவது தளத்துக்குத் தளம் இணையக் கட்டணம் மாறுவது, பற்றி மட்டும் 4 கேள்விகளோடு டிராய் இன்னொரு அறிக்கையை டிசம்பர் 9 அன்று வெளியிட்டது. இம்முறை, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை வைத்திருந்த ஃபேஸ்புக் நிறுவனம் களத்தில் இறங்கியது. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை ஆதரிக்கிறேன் என்ற வாசகத்தைத் தன் பயனர்களின் திரையில் காட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் மடல் போகும்படி ஏற்பாடு செய்தது. பல லட்சம் மடல்கள் குவிந்தன. ஆனால் அந்த வாசகத்தில் 4 கேள்விகளுக்கும் பதில் இல்லை. திட்டத்தை ஆதரிக்கிறேன் என்பது, கட்டண வேறுபாட்டை அனுமதிக்கலாமா என்ற கேள்விக்குப் பதிலாகாது என்று டிராய் எழுத்திலேயே சொன்னது; கருத்துக்கேட்பைக் கருத்துக் கணிப்பாக்கிவிடக் கூடாது என்றும் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று கட்டண வேறுபாட்டுக்குத் தடை விதிக்கும் ஒழுங்குமுறை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம்.

பணமும் ஆள்பலமும் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால் ஃபேஸ்புக் பக்கம்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது எதிர்ப்பக்கம். கருத்துக்கேட்பில் பங்கெடுக்கும் எந்தக் குழுவும் முதலில் செய்யவேண்டியது, அறிவிப்பில் கேள்விகள் எங்கே இருக்கின்றன என்று தேடி, கேள்வி எண் போட்டுப் பதில் எழுதுவது. அறிவிப்பில் கேள்வி இல்லாமல் வரைவு விதிகள் மட்டும் இருந்தால், எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும், ஏன் என்று எழுத வேண்டும். ‘இந்த வரைவைத் திரும்பப் பெறு’ என்ற ஒற்றை வரியைப் படிக்கும் அதிகாரி அதை ‘எதிர்ப்பு’ என்ற தொகையில் ஒன்றாகக் கூட்டிவிட்டு அடுத்த மடலுக்குப் போய்விடுவார். உட்பிரிவைச் சுட்டி எழுதினால், பின்னால் வழக்கு வரும்போது ‘இந்த ஆட்சேபத்துக்கு அரசு என்ன பதில் வைத்திருக்கிறது’ என்று கேட்க ஆதாரம் கிடைக்கும்.

இதில் ஓர் அபாயமும் இருந்தது. 2015 ஏப்ரல் 27 அன்று டிராய், தனக்கு வந்த கருத்துகளை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே தன் தளத்தில் போட்டுவிட்டது. லட்சக்கணக்கான முகவரிகள் ஒரே நாளில் பொதுவெளிக்கு வந்தன. ஆகவே பொதுக் கருத்துக்கேட்புக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது. கேட்காத இடத்தில் வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் எழுத வேண்டியதில்லை.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் அவற்றின் பாதிப்பை ஆராயும் விதிகள்) வரைவு அறிவிக்கை வந்தபோது பாடம் வேறு விதமாக இருந்தது. ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வெளியான வரைவுக்குக் கருத்துச் சொல்ல 60 நாள். ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நேரம். வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. கெடுவை ஜூன் 30 வரை நீட்டினார்கள். அந்த ஜூன் 30 அன்றே டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை மேலும் நீட்டி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது. கருத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. வரைவு இறுதி வடிவம் பெறவில்லை.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. குறிப்பிட்ட முகவரிக்குப் போகவேண்டிய மடல்கள், ஒரே தலைப்போடு, சுற்றுச்சூழல் அமைச்சரின் மின்னஞ்சல் பெட்டியில் குவிந்தன. புகார் போலீசுக்குப் போனது. இளைஞர் அமைப்பு ஒன்றுக்கு பயங்கரவாதத் தடுப்புக்கான யுஏபிஏ சட்டத்தைக் குறிப்பிட்டு நோட்டீஸ் வந்தது. பிறகு அது தவறு என்று திரும்பப் பெறப்பட்டது. அந்த நோட்டீஸ் அநியாயம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் குழு நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறை இது: அறிவிக்கையில் அச்சிட்ட முகவரிக்கு மட்டும், ஒருவர் ஒரு மடல், சொந்தச் சொற்களில். அமைச்சர், செயலர், கட்சித் தலைவர் என்று பத்துப் பேருக்கு நகல் அனுப்பினால் குரல் பெரிதாவதில்லை. ‘இது தாக்குதல்’ என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்ததாக ஆகும்.

கருத்துக்கேட்பு எப்போதாவது வருவது. வாக்காளர் பட்டியல் எல்லா நாளும் இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு, மத்திய சென்னையில் 53.96. அலைபேசியும் இணையமும் மிகுந்த ஊரில்தான் இந்த நிலை. இங்கே இணையக் குழு என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்த ஒரு சோதனை வழிகாட்டுகிறது. 2010 நவம்பர் 2 தேர்தல் நாளன்று ஃபேஸ்புக் பயனர்கள் சுமார் 6 கோடிப் பேருக்கு ‘இன்று வாக்களியுங்கள்’ என்ற செய்தி காட்டப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வெறும் செய்தி. பெரும்பகுதியினருக்கு ஏற்கெனவே வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களும் சேர்ந்து. பிறகு அரசின் வாக்குப்பதிவு ஏடுகளோடு ஒப்பிட்டார்கள். வெறும் செய்தி பார்த்தவர்களுக்கும் எதுவுமே பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நண்பர்களின் முகம் பார்த்தவர்கள் வாக்களித்த விகிதம் 0.39 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் அதுவே நேரடியாக 60,000 வாக்கு. நெருங்கிய நண்பர்கள் வழியாகப் பரவியதையும் சேர்த்தால் 3,40,000 வாக்கு என்று 2012-ல் ‘நேச்சர்’ இதழில் கணக்குக் காட்டினார்கள். ‘நான் வாக்களித்துவிட்டேன்’ பொத்தானை அழுத்தியதில் இருந்த வித்தியாசமோ சுமார் 2 புள்ளி. சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் ஐந்து மடங்கு இடைவெளி.

இதைத் தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்க முடியும். ஆனால் அத்தனை பேருக்கும் பொதுவாகப் போடும் ‘அனைவரும் வாக்களிப்போம்’ படம், வெறும் செய்தி பார்த்தவர்களின் கதைதான். அதிகம் பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் கட்டுப்படுத்திவிட்டது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியைப் பலர் திறப்பதுமில்லை. பலன் தருவது வேறு: ஒரே வாக்குச்சாவடிக்கு உட்பட்ட 20, 30 வீட்டுக்காரர்களைக் கொண்ட சிறு குழு. அதில் ஒருவருக்கொருவர் முகம் தெரியும். ‘மூன்றாவது மாடி அக்கா பேர் பட்டியலில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்க’ என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும்.

பெயர் பார்க்கும் வேலையில் அடிக்கடி நேரும் பிழை படிவத்தைக் குழப்பிக்கொள்வது. படிவம் 6 முதன்முறையாகச் சேர்பவருக்கு மட்டும். வீடு மாறினாலும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும், படம் மாற்றினாலும் படிவம் 8. ஒருவர் பெயரைச் சேர்ப்பதை ஆட்சேபிக்கவும், இறந்தவர் பெயரை நீக்கவும் படிவம் 7. வாடகை வீடு மாறியவர்கள் இது தெரியாமல் புதிதாகப் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். பழைய ஊரில் ஒன்று, புது ஊரில் ஒன்று என்று இரண்டு பதிவு ஆகிவிடுகிறது. வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. குழு நடத்துபவர் இதைச் சொல்லாமல் ‘எல்லோரும் இந்த லிங்கில் படிவம் 6 போடுங்கள்’ என்று அனுப்பினால் உதவியாக நினைத்தது உபத்திரவமாக முடியும்.

வயதுக் கணக்கும் மாறியிருக்கிறது. முன்பு ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே மனுப் போடலாம். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் குழுவில் இந்த ஒரு தகவல் போய்ச் சேர்ந்தால் பெரிய வேலை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. ஆட்சேபத்துக்கான நாட்களையும் கணக்கிட்டு, அதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக மனு போயிருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு விழித்துக்கொள்ளும் குழுவுக்குக் கிடைப்பது சில நாட்களே. மனுப் போட்டதும் வரும் குறிப்பு எண்ணை எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து நிலையைப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தபோது வீடு பூட்டியிருந்தால் மனு தள்ளுபடியாகிவிடக்கூடும். விவரத்துக்கு 1950 என்ற எண்ணைக் கூப்பிடலாம். வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவற்றின் படங்களைக் குழுவில் போடச் சொல்லவே கூடாது. உதவி தேவைப்படுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைப்பேசியிலேயே நிரப்பிக் கொடுப்பதுதான் சரி.

கிராமங்களில் இதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது: கிராம சபை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதில்தான் ஊர் வாட்ஸ்அப் குழு உதவும். அதே குழுவின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படும். சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் குழுவில் சத்தமாகப் பேசுவார்கள். சபையில் கணக்கில் வருவது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர், அதுவும் அன்று நேரில் வந்தவர். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்ற வேலை தீர்மான வாசகம் எழுதுவது, அரசாணை தேடுவது, கணக்கைச் சரிபார்ப்பது. உள்ளூரில் கூட்டம் சேர்க்கும் வேலை அங்கேயே இருக்கும் பெண்களிடமும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடமும்தான் இருக்கிறது. அவர்களில் பலர் குழுவிலேயே இருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லாமல் இதற்கு வேறு வழியில்லை.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன் அறிவிப்பு வர வேண்டும். அப்போதே தீர்மானத்தை எழுத்தில் ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் இல்லாத இடத்தில் தனி அலுவலரிடமோ கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அன்று எழுந்து பேசுவதை மட்டும் நம்பினால் ‘பேசினார்கள்’ என்பதோடு முடிந்துவிடும். தீர்மானம் ஒரு பொருள், ஓர் இடம், ஒரு கோரிக்கை என்று இருக்கட்டும். ‘குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்’ என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவின் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை மாதமாக மோட்டார் இல்லை, எந்த நிதியிலிருந்து செய்யக் கோருகிறோம் என்று எழுதினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வருகைப் பதிவில் வாங்கிய கையெழுத்துக்குக் கீழே பிறகு தீர்மானங்களை எழுதிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுப்பது. தீர்மானங்களை முழுதாக எழுதி, உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து என்று சபையில் வலியுறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்க் குழுவில் போட வேண்டிய படம் அதுதான்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது இதற்கு அண்மைச் சான்று. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்குச் சுமார் 5,000 ஏக்கரில் ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. அதில் 2022-லேயே பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அடங்கியிருந்தது. செய்தியும் வரைபடமும் சமூக ஊடகங்களில் பரவின. ஊர்மக்கள் அங்கேயே நிற்கவில்லை. நவம்பர் 1-லிருந்து தள்ளிவைக்கப்பட்டு 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒவ்வொரு படியும் முந்தையதைக் கையில் ஆவணமாகப் பிடித்துக்கொண்டு ஏறியது.

மெரினாவைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜனவரியில் இணைய அழைப்பில் அத்தனை பேர் கூடியதையும், போக்குவரத்தைச் சரிசெய்து குப்பை பொறுக்கிய ஒழுங்கையும் உலகம் பார்த்தது. அந்தக் கோரிக்கை வென்றதற்கு அது ஒரே கோரிக்கையாக இருந்ததும், மாநில அரசே அவசரச் சட்டம் கொண்டுவரும் வழி இருந்ததும் காரணங்கள். ஆனால் ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்த பிறகு, ‘இது போதும், கலையலாம்’ என்றோ ‘போதாது, இன்னது வேண்டும்’ என்றோ எல்லோர் சார்பிலும் சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லை. 23-ஆம் தேதி காலை போலீஸ் அப்புறப்படுத்தியது, வன்முறை வெடித்தது; அன்று மாலையே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. சில மணி நேர இடைவெளியில் அத்தனை அடியும் ரத்தமும். தலைவர் இல்லாமல் கூடுவது இணையத்தின் பலம் என்றால், பேசப் போகிறவர் யார், எது கிடைத்தால் முடிப்போம் என்று கூடும் முன்பே எழுதி வைக்காதது அதன் பெருங்குறை.

தீர்மானமோ மனுவோ போன பிறகு தொடர்ந்து விரட்டும் வேலையில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன. ‘முதல்வரின் முகவரி’ தளத்திலோ 1100 எண்ணிலோ கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கும். சில வாரத்தில் ‘நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது’ என்ற வரியோடு முடித்துவைக்கப்படுவதும் உண்டு. அங்கேயே நின்றுவிடாமல், அந்த மனு எண்ணைச் சுட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இதன் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகலும் குறிப்புப் பக்கங்களும் வேண்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், ஆன்லைனிலும் போடலாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ‘கேள்விக்குத் தகவல் தர இயலாது’ என்று திரும்பும். ஆவணம்தான் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. இந்தத் தேதிகளை எல்லாம் ஒருவர் நினைவில் வைக்க முடியாது. குழுவில் ஒருவர் பொறுப்பேற்று, மனு எண், போன தேதி, அடுத்த கெடு என்ற மூன்றை ஒரு பகிர்வுத் தாளில் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை குழுவில் போட்டால் போதும். விடியற்கால வணக்கப் படங்களுக்கு நடுவில் அது காணாமல் போகாமல் இருக்க, அட்மின் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்றைத் தனியாக வைப்பது நடைமுறையில் உதவுகிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்றிய, மாநில அரசுகளின் வரைவு விதிகளும் கருத்துக்கேட்பு அறிவிப்புகளும் பெரும்பாலும் அரசிதழிலும் துறைத் தளங்களிலும் ஆங்கிலத்தில் வந்து, கெடு முடிந்த பிறகே மக்கள் காதுக்கு எட்டுகின்றன. 2014 முதல் ஒன்றிய அரசின் கொள்கைப்படி வரைவுச் சட்டங்களை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த 30 நாளில் 20 நாள் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. தங்கள் நாளிதழில் வாரம் ஒரு நாள், கால் பக்கம் போதும்: எந்த வரைவு, அதன் சாரம் தமிழில் நான்கு வரி, கருத்து அனுப்ப வேண்டிய முகவரி, கடைசித் தேதி. கூடவே அடுத்த கிராம சபை நாளும், வாக்காளர் பட்டியலின் அடுத்த தகுதி நாளும். அந்தக் கால் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுக்களில் சேர்க்கும் வேலையை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் பட்டியல், கிராம சபைப் பணிகளில் ஈடுபடும் தன்னார்வலர்கள்,
திருச்சிராப்பள்ளி